வளர்ப்புக் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளை: ஆசிரியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியர். கடந்த சில ஆண்டுகளில் என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்திருக்கிறார்கள். முதலில் வந்த பெண் அவளுடைய அம்மாவிடம் திரும்பிப் போய்விட்டாள். இரண்டாவதாக வந்த பையன் இப்போதும் எங்களோடு இருக்கிறான். அவர்களைச் சேர்க்கப் போன பள்ளிகளிலும், ஆசிரியர் பயிற்சிகளின் தேநீர் இடைவேளைகளிலும் ஒரே சந்தேகங்களை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேட்டவர்கள் நல்ல மனதோடுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

வளர்ப்புப் பிள்ளை என்றால் தத்துப்பிள்ளைதானே? எதற்கு இரண்டு பெயர்?

ஊர் வழக்கில் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். சட்டத்தில் இரண்டும் வேறு. தத்தெடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை எல்லா உரிமையோடும் அந்தக் குடும்பத்தின் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பு என்பது சொந்தக் குடும்பத்தில் இப்போதைக்கு இருக்க முடியாத பிள்ளையை, குழந்தைகள் இல்லத்தில் வைப்பதற்குப் பதிலாக, இன்னொரு வீட்டில் ஒரு காலத்துக்கு ஒப்படைப்பது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவில் இதற்கு வழி செய்திருக்கிறது. ஒப்படைக்கும் ஆணையைப் பிறப்பிப்பது மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு. வீட்டைப் பார்த்து அறிக்கை தருவதும், பிறகு தொடர்ந்து வந்து பார்ப்பதும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலை. பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளே இப்படி வருகிறார்கள். அதாவது, பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகள்.

ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளையின் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. "அந்தப் பணத்துக்காகத்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒருவர் என் பையன் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார். அன்றிரவு அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு, "நான் நிறைய சாப்பிடுகிறேனா பெரியம்மா?" என்று கேட்டான். தயவுசெய்து பிள்ளையின் காதில் விழும்படி இதைப் பேசாதீர்கள்.

அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்கள் என்கிறீர்கள். பிறகு ஏன் பிள்ளை அவர்களிடம் இல்லை?

காரணங்கள் பல. தாய்க்குத் தீராத நோய், தந்தை சிறையில், குடி, வீட்டில் அடிதடி, ஒருவர் இறந்து மற்றவர் காணாமல் போனது. சில வேளைகளில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக வரும். குறிப்பிட்ட பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது வகுப்பாசிரியருக்குத் தேவைப்படாது. பிள்ளையை யார் அழைத்துப் போகலாம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, மருந்து ஏதும் உண்டா, எதைக் கண்டு பயப்படுவான் என்பவை தெரிந்தால் போதும். மிச்சக் கதை அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது. காவல் நிலையம், குழு, இல்லம், எங்கள் வீடு என்று எங்கே போனாலும் அதை முதலிலிருந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லவே வேண்டாத ஓர் இடமாகப் பள்ளி இருக்கட்டும்.

என் வகுப்பில் பாட்டியிடமும் அத்தையிடமும் வளரும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கும் இது பொருந்துமா?

தாள்களைப் பற்றியவை பொருந்தாது, மற்றவை அத்தனையும் பொருந்தும். ஆணை இல்லாமலே உறவில் வளரும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கும் இழப்பு உண்டு, ஆனால் கேட்பதற்கு ஓர் அலுவலர்கூட இல்லை. பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் பாதுகாப்பில் வளரும் குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. பாட்டிகளுக்கு இது தெரிந்திருக்காது. நீங்கள் சொல்லுங்கள்.

டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆண்டும் பாதி போய்விட்டது. எப்படிச் சேர்ப்பது?

எட்டாம் வகுப்பு வரை சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதும் காரணமாகாது, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்பதும் ஆகாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது சட்டம். பழைய பள்ளித் தலைமையாசிரியரும் டி.சி.யை உடனே தந்தாக வேண்டும்.

நடைமுறையில் சிக்கல் எமிஸ் என்ற மாணவர் விவர இணையப் பதிவில்தான் வருகிறது. பழைய பள்ளி பிள்ளையைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலில் விடாவிட்டால் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியாது. அதற்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். வகுப்பில் உட்கார வையுங்கள், சத்துணவு சாப்பிடட்டும். எமிஸ் வேலையைப் பாதுகாப்பு அலகின் அலுவலரும் வட்டாரக் கல்வி அலுவலகமும் பேசி முடிக்கட்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. குழுவின் ஆணையைத் தனி அறையில் வாங்கிப் படியுங்கள். நாங்கள் போன ஒரு பள்ளியில் அதை வராந்தாவில் வைத்து வரி வரியாகச் சத்தம் போட்டுப் படித்தார்கள். பின்னால் வரிசையில் பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். பையன் தன் செருப்பின் அறுந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பள்ளியில் அவன் ஒரு மாதம் வாய் திறக்கவில்லை.

பதிவேட்டில் அப்பா பெயர் யாருடையது? இனிஷியல் என்ன போடுவது?

பிறப்புச் சான்றிதழிலோ ஆணையிலோ இருக்கும் பெயரும் இனிஷியலும் அப்படியே இருக்க வேண்டும். பாதுகாவலர் என்ற இடத்தில் வளர்ப்புப் பெற்றோரின் பெயரும் கைப்பேசி எண்ணும் வரும். "இனிமேல் இவர்தானே உன் அப்பா, இனிஷியலை மாற்றிக்கொள்ளலாமே" என்று அன்பாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் கைவிட்டுப் போன பிள்ளையிடம் மிஞ்சியிருப்பது அந்த ஓரெழுத்து.

எங்களை எப்படிக் கூப்பிடுவது என்பதும் பிள்ளையின் விருப்பம். என்னைப் 'பெரியம்மா' என்கிறான், என் கணவரை 'சார்' என்று தொடங்கி இப்போதுதான் 'பெரியப்பா' ஆக்கியிருக்கிறான். ஆகவே "உன் அம்மாவை வரச் சொல்" என்பதற்குப் பதில் "வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொல்" என்று எல்லாப் பிள்ளைகளிடமுமே சொல்லிப் பழகுங்கள்.

மதிப்பெண் அட்டையில் யார் கையெழுத்து? சுற்றுலாவுக்கு யார் ஒப்புதல் தருவது?

பிள்ளையின் படிப்பு, உடல்நலம், உணவு எல்லாவற்றுக்கும் வளர்ப்புக் குடும்பமே பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அட்டையில் கையெழுத்து, பெற்றோர் கூட்டம், விளையாட்டுப் போட்டி போன்ற அன்றாடக் காரியங்களுக்கு எங்களைக் கூப்பிட்டால் போதும். அறுவை சிகிச்சை, வெளிமாநிலப் பயணம் போல் பெரிதாக ஏதும் வந்தால் நாங்களே குழுவைக் கேட்டுத்தான் செய்கிறோம். அதற்குச் சில நாள் பிடிக்கும், முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசி நாளில் சொன்னால், பேருந்தில் ஏறாமல் நிற்பது எங்கள் பிள்ளையாக இருக்கும்.

மற்ற ஆசிரியர்களுக்காவது சொல்ல வேண்டாமா? சக மாணவர்கள் கேட்டால்?

தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் இருவருக்கும் தெரிந்தால் போதுமானது. மற்றவர்களுக்குத் தேவையான அளவு மட்டும், உதாரணமாக "இவன் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடுவான்" என்பது போல். ஓய்வறைப் பேச்சு எப்படியோ வகுப்புக்கு வந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இப்படிப்பட்ட குழந்தையின் பெயரையும் முகவரியையும் பள்ளியையும் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நன்கொடையாளர் பை கொடுக்கும் படத்தை "பெற்றோரை இழந்த மாணவருக்கு உதவி" என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். சக மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பிள்ளையிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பையன் "சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அது பொய் என்று யாரும் திருத்த வேண்டியதில்லை.

பாவம் டீச்சர், கொஞ்சம் கூடுதலாகச் செல்லம் கொடுத்தால் என்ன தவறு?

உங்கள் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் 'பாவம்' என்ற சொல் பிள்ளையின் முதுகில் ஒட்டிய சீட்டைப் போன்றது, அவனைத் தவிர எல்லோரும் படிக்கிறார்கள். வீட்டுப்பாடம் செய்யாத நாளில் மற்றவர்களைக் கேட்டுவிட்டு அவனை மட்டும் விட்டுவிட்டால், தன்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அவனையும் கேளுங்கள். காரணம் சொன்னால் காது கொடுங்கள். கூடுதலாக ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால், தினமும் ஒரே மாதிரி இருங்கள். காலையில் அவன் பெயரைச் சொல்லி அழைப்பது, சொன்ன நாளில் நோட்டைத் திருத்தித் தருவது போன்ற சின்னச் சின்ன ஒழுங்குகள் இந்தப் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துகின்றன.

சத்துணவு முட்டையைச் சாப்பிடாமல் பைக்குள் ஒளித்து வைக்கிறான். திருட்டுப் பழக்கமா?

இல்லை. என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. எங்கள் வீட்டிலும் நடந்தது. வந்த இரண்டாவது வாரம் அறையில் ஒரு நாற்றம். தேடிப் பார்த்தால் புத்தகப் பையின் அடியில், நோட்டுத் தாளில் சுற்றிய மூன்று முட்டைகள். கூடவே இட்லி ஒன்று காய்ந்து கல்லாகியிருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நாளைக்குச் சோறு உண்டு என்பதற்கு அவன் வாழ்க்கையில் அதுவரை எந்த உத்தரவாதமும் இருந்ததில்லை. கிடைக்கிற அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறான்.

நாங்கள் செய்தது எளிது. மூடி போட்ட ஒரு டப்பாவில் கடலை மிட்டாயும் பொரியுருண்டையும் போட்டு, "இது உன்னுடையது, கேட்காமல் எடுக்கலாம், தீர்ந்தால் நிரப்புவேன்" என்று சொன்னேன். முதல் வாரம் தினமும் காலியானது. நாலைந்து மாதத்தில் டப்பாவையே மறந்துவிட்டான். பள்ளியிலும் வழி இருக்கிறது. பையைக் கொட்டிச் சோதனை போடாதீர்கள். முட்டையை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் மாலைக்குள் சாப்பிட்டுவிடும்படி தனியாகச் சொல்லுங்கள். இரண்டாம் முறை சோறு கேட்டால் முகம் சுளிக்காமல் போடும்படி சத்துணவு அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பென்சில், சாக்பீஸ் சேர்த்து வைப்பதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான், ஆனால் கழித்தல் வரவில்லை. மூளை மந்தமா?

கணக்கு டீச்சராக இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் பையன் ஐந்தாம் வகுப்பில் வந்தான். பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வான். 52இல் 37ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதுவான். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். கடன் வாங்கிக் கழித்தலை வகுப்பில் நடத்திய நாட்களில் அவன் எந்தப் பள்ளியிலும் இல்லை. வாய்ப்பாட்டை ஏதோ ஓர் இல்லத்தில் மாலை நேரத்தில் சேர்ந்து ஒப்பித்துக் கற்றிருக்கிறான். மூன்று பள்ளி மாறிய பிள்ளையின் படிப்பில் இப்படி அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கும். தேர்வு மதிப்பெண்ணில் அது மந்தமாகத் தெரியும்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் உட்காருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கு கொடுத்து, போடும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் கடன் வாங்க வைத்தேன். மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டான். எல்லாப் பிள்ளையும் மூன்று நாளில் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லவில்லை. உண்மையிலேயே கற்றல் குறைபாடு இருக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் விட்டுப்போனதை நிரப்பிப் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போகக் கூடாது.

திடீரென்று மேசையைத் தள்ளுகிறான், வெளியே ஓடுகிறான். அடிக்கவும் கூடாது என்றால் என்னதான் செய்வது?

அடி எந்தப் பிள்ளைக்கும் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் சேர்த்தே தடை செய்கிறது. அடிபட்டு வந்த பிள்ளைக்கு உங்கள் பிரம்பு ஒன்றும் புதிதாகக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்ற அவன் கணக்கு சரிதான் என்று ஆகிவிடும்.

எப்போது நடக்கிறது என்று இரண்டு வாரம் தேதியோடு குறித்து வையுங்கள். எங்கள் பையனுக்கு அது எப்போதும் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள். முதலில் இருந்த பெண்ணுக்கு நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரம். விடுமுறை விட்டால் தன்னை எங்காவது மாற்றிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள். நாள் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்கு அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிடாதீர்கள். எழுந்து போக வேண்டும் போலிருந்தால் குடிதண்ணீர்த் தொட்டி வரை போய் வரலாம் என்று முன்பே அனுமதி கொடுத்து வையுங்கள். கத்தும் நேரத்தில் காரணம் கேட்காதீர்கள். மாலையில் நோட்டுக் கட்டைத் தூக்கிவரச் சொல்லி நடந்துகொண்டே பேசினால் சொல்வான்.

இவள் ஒரு தொல்லையும் கொடுப்பதில்லை. வகுப்பு பெருக்குவாள், சொன்னதெல்லாம் கேட்பாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் எங்களிடம் இருந்த பெண் இப்படித்தான். தவறே செய்யாமல் இருந்தால்தான் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் தட்டைப் படாரென்று வைத்துவிட்டு "எனக்கு இந்தக் குழம்பு பிடிக்கவில்லை" என்றாள். அன்றைக்கு நானும் என் கணவரும் அடைந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. சத்தம் போடும் பிள்ளையைப் பார்ப்பது போலவே இந்தப் பிள்ளையையும் பாருங்கள். அவளுக்கு வேலை கொடுப்பதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு விளையாட அனுப்புங்கள்.

'என் குடும்பம்' கட்டுரை, குடும்ப மரம், பழைய புகைப்படம் கொண்டுவரும் செயல்பாடு எல்லாம் பாடத்தில் வருகிறதே?

பாடத்தைத் தவிர்க்க வேண்டாம், வாசலை அகலமாக்குங்கள். 'என் குடும்பம்' என்பதோடு 'எனக்குப் பிடித்த ஒருவர்' என்றும் தலைப்புக் கொடுத்து வகுப்பு முழுவதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். குழந்தைப் பருவப் புகைப்படம் கேட்காதீர்கள், பலரிடம் ஒன்றுகூட இருக்காது. பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்கும் இது உதவும். எங்கள் பையன் குடும்ப மரத்தில் இரண்டு மரம் வரைந்து நடுவில் தன்னை ஊஞ்சலில் வைத்தான். அவன் டீச்சர் அதைத் திருத்தாமல் அப்படியே சுவரில் ஒட்டினார். அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

சாதிச் சான்றிதழ் கேட்டால் இல்லை என்கிறார்கள். உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

வளர்ப்புக் குடும்பத்தின் சாதி பிள்ளைக்கு வராது. பிறந்த குடும்பத்தின் சமூகம் தெரிந்தால் அதன்படியே சான்றிதழ். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற பள்ளிகளிலோ இல்லங்களிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் மாணவர் அதில் வருவாரா என்பதைப் பாதுகாப்பு அலகு வட்டாட்சியர் அலுவலகத்தில் பேசி முடிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, "சான்றிதழ் கொண்டுவராதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் கேட்பதை நிறுத்துவது.

பெற்ற அப்பா பள்ளி வாசலில் வந்து நின்று பிள்ளையை அனுப்பு என்கிறார். அவர் பிள்ளைதானே, எப்படி மறுப்பது?

குழு தடுக்காதவரை பெற்றோர் பிள்ளையை வந்து பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எங்கே, எப்போது என்பது ஏற்கெனவே பேசி வைக்கப்பட்டிருக்கும், அந்த இடம் பள்ளி வாசலாக இருக்காது. ஆகவே அவரோடு பிள்ளையை அனுப்பக் கூடாது. அவரைத் தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பாதுகாப்பு அலகுக்கும் வளர்ப்புக் குடும்பத்துக்கும் தகவல் சொல்லுங்கள். அவர் முரண்டு பிடித்தால் காவல் நிலையத்தை அழைக்கலாம், ஆனால் பிள்ளையின் கண் முன்னால் அவரை அவமானப்படுத்திவிடாதீர்கள். ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்துப் பிள்ளை சிரித்தால், "அவரைப் பார்த்தா சிரிக்கிறாய்?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

வளர்ப்பு வீட்டிலேயே ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. வளர்ப்பு அம்மாவும் ஓர் ஆசிரியர். எப்படிப் புகார் செய்வது?

என்னைப் பற்றியே சந்தேகம் வந்தாலும் புகார் செய்யுங்கள். முதலில் என்னைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், பிள்ளையையும் துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வைத்து 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அல்லது பாதுகாப்பு அலகுக்குச் சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்ற ஐயம் இருந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைத்தால் அதுவே குற்றம். வளர்ப்புக் குடும்பத்தை மாதந்தோறும் ஆய்வு செய்யும் பொறுப்பைச் சட்டம் குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் பிள்ளையைப் பார்ப்பவர் நீங்கள்தான்.

இவ்வளவும் செய்து, நடு ஆண்டில் பிள்ளை சொந்த வீட்டுக்கோ வேறு குடும்பத்துக்கோ போய்விட்டால்?

போகும். திரும்பிப் போகத்தான் பல பிள்ளைகள் வருகிறார்கள். ஆணை வந்த மறுநாளே கிளம்ப வேண்டியிருக்கலாம், வகுப்பில் சொல்லிக்கொள்ள நேரம் கிடைக்காமலும் போகலாம். முதலில் இருந்த பெண் அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை கிளம்பினாள். டி.சி.யை அன்றே எழுதிக் கொடுத்துக் காமன் பூலில் விட்ட தலைமையாசிரியருக்கு அவள் புதிய பள்ளியில் ஒரு நாள்கூட இழக்காமல் சேர்ந்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எந்தப் பாடம் வரை நடந்தது, எதில் ஓட்டை நிரம்பியது என்று அரைப் பக்கம் எழுதி டி.சி.யோடு வைத்தால் அடுத்த ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

அவள் வகுப்பாசிரியர் இன்னொன்றும் செய்தார். மேசையில் கிடந்த அவளுடைய நோட்டுகள், பாதியில் நின்ற கோலப் படம், மறந்து விட்டுப்போன ரிப்பன் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வரி எழுதிய தாளையும் வைத்து, மாலையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பையை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள்.